வீடியோ கேம் உலகச் சாதனைகள்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பல ஆண்டுகள் பிரவுசிங் சென்டர் நடத்தியவன் நான். கடையின் பின்பக்கத்தில் நான்கு கணினிகளையும் ஒரு பிளேஸ்டேஷனையும் விளையாட்டுக்கென்றே ஒதுக்கியிருந்தேன். கல்லூரி விட்டதும் ஐகிரவுண்டிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் சைக்கிளில் வந்து சேரும் பிள்ளைகளுக்கு நான் ‘அண்ணாச்சி’. கடையை மூடிய பின்னும் அவர்களும் அவர்களுடைய தம்பிமாரும் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. இப்போது பெற்றோரும் கேட்கிறார்கள். உலகச் சாதனைகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

வீடியோ கேமில் ‘உலகச் சாதனை’ என்றால் என்ன?

மூன்று வகையான செய்திகளை ஒரே பெயரால் அழைப்பதனால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. முதலாவது, ஒரு விளையாட்டில் ஒருவர் எடுத்த மிக அதிகமான புள்ளி. காசு போட்டு விளையாடும் பழைய ஆர்கேடு எந்திரங்களின் காலத்திலிருந்து இருப்பது இதுதான். இரண்டாவது, ஒரு விளையாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை மிகக் குறைந்த நேரத்தில் முடிப்பது. இதை ஸ்பீடுரன் என்கிறார்கள். மூன்றாவது, போட்டிகளில் அதிகப் பட்டம், அதிகப் பரிசு, அதிகப் பார்வையாளர் என்று கணக்கிடப்படுபவை. மூன்றாவது வகைக்குப் போட்டி நடத்துபவரின் பதிவேடே சான்றாகிவிடும். முதல் இரண்டு வகைகளில் விளையாடியவர்தான் சான்று கொண்டுவர வேண்டும் என்பதால், இந்தப் பக்கம் பெரும்பாலும் அவற்றைப் பற்றியதாகவே இருக்கும்.

இந்தச் சாதனைகளை யார் பதிவு செய்கிறார்கள்?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒட்டம்வா என்ற சிற்றூரில் வால்டர் டே என்பவர் 1981-இல் ‘ட்வின் கேலக்ஸீஸ்’ என்ற ஆர்கேடு கடையைத் திறந்து, நாட்டின் பல ஊர்களில் எடுக்கப்பட்ட புள்ளிகளைத் திரட்டி 1982-இல் ஒரு பட்டியலாக வெளியிடத் தொடங்கினார். புள்ளிக் கணக்கில் நெடுங்காலம் அந்தப் பட்டியலே ஆதாரமாக இருந்தது. கின்னஸ் நிறுவனம் விளையாட்டாளர்களுக்கென்று தனிப்பதிப்பை 2008 முதல் வெளியிட்டது. ஸ்பீடுரன்களுக்கு இன்று ‘ஸ்பீடுரன் டாட் காம்’ என்ற தளமே பொதுவான சாதனைப் பலகை. அங்கே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி விதிகள் உண்டு. அந்த விளையாட்டை நன்கறிந்த மாடரேட்டர்கள் காணொளியை முழுக்கப் பார்த்த பிறகுதான் நேரத்தை ஏற்பார்கள்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் இளவட்டக்கல்லைத்தான் சொல்வேன். பணகுடி, இராதாபுரம் பக்கத்து ஊர்களில் பொங்கலுக்குக் கல் தூக்கும்போது ஊரே சுற்றி நிற்கும். கல்லின் எடை எல்லோருக்கும் தெரியும். முழங்காலில் ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுபோய், தோளுக்கு மேல் தூக்கிப் பின்பக்கம் போட்டால்தான் கணக்கு என்பதும் எல்லோருக்கும் தெரியும். நடுச்சாமத்தில் யாரும் இல்லாதபோது தூக்கினேன் என்று ஒருவன் சொன்னால், அவன் உண்மையாகவே தூக்கியிருந்தாலும் ஊர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீடியோ கேம் சாதனையிலும் விளையாடுபவர் பாதிதான். சுற்றி நின்று பார்ப்பவர் மறுபாதி.

புள்ளிக்கு ஓர் எல்லை உண்டா?

சில விளையாட்டுகளில் உண்டு. அந்த எல்லையை வைத்தவர் யாருமில்லை. அது எந்திரத்தின் நினைவக அளவால் தானே வந்து அமைந்தது. ‘பேக்-மேன்’ 1980-இல் வந்தது. அதில் நீங்கள் எத்தனையாவது லெவலில் இருக்கிறீர்கள் என்ற எண் 8 பிட்டில் எழுதப்படுகிறது. 8 பிட்டுக்குள் 255 வரைதான் அடங்கும் என்பதால், 256-ஆவது லெவலில் கணக்கு சறுக்கித் திரையின் வலப்பாதி முழுவதும் எழுத்துச் சிதறலாகிவிடுகிறது. அதைக் கில் ஸ்கிரீன் என்கிறார்கள். ஓர் உயிரும் இழக்காமல், பாதையில் தின்ன வேண்டிய ஒரு பொட்டையும் பழத்தையும் விடாமல், ஒவ்வொரு முறையும் நான்கு பேய்களையும் பிடித்து, கடைசி லெவலில் கிடைப்பதையும் சேர்த்தால் வரும் உச்ச எண் 33,33,360. அதற்கு மேல் ஒருவராலும் எடுக்க முடியாது. ஆகவே அந்த எண்ணை எட்டியவர்களுக்குள் யார் அதை விரைவில் எட்டினார் என்பதே பிறகு போட்டியாயிற்று.

‘ஆஸ்டராய்ட்ஸ்’ இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு 10,000 புள்ளிக்கும் ஓர் உயிர் கூடுதலாகக் கிடைக்கும். கைதேர்ந்தவர் உயிர்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு, எந்திரம் சில உயிர்களைத் தின்னும் நேரத்தில் எழுந்து போய் இரண்டு வாய் உண்டுவிட்டுத் திரும்பலாம். ஸ்காட் சஃப்ரன் என்ற 15 வயதுச் சிறுவன் 1982 நவம்பரில் 4,13,36,440 புள்ளி எடுத்தான். அவன் 1989-இல் ஒரு விபத்தில் இறந்துபோனான். அந்த எண் 2010 வரை நின்றது. ஜான் மெக்காலிஸ்டர் அந்த ஆண்டு ஏப்ரலில் இரண்டு நாளுக்கும் மேலாக விளையாடி 4,13,38,740-ஐ எட்டினார். 27 ஆண்டுக்கு மேல் நின்றதற்கும் அதை வென்றதற்கும் இடையே 2,300 புள்ளிதான் வேறுபாடு. இதைப் படிக்கும்போதெல்லாம், தன் எண் அத்தனை காலம் நிற்கும் என்று தெரியாமலே போன அந்தப் பையனைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

டெட்ரிஸை ஒரு சிறுவன் ‘முடித்துவிட்டான்’ என்கிறார்களே, அது எப்படி?

நின்டென்டோ கருவிக்கு 1989-இல் வந்த டெட்ரிஸைப் பற்றிய செய்தி அது. அதில் 29-ஆம் லெவலில் கட்டைகள் ஃபிரேமுக்கு (நொடியில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்குக்கு) ஒரு வரிசை என்ற வேகத்தில் விழும். பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் கட்டை ஓரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தரை தட்டிவிடும். எனவே அதுவே மனிதனுக்கு முடிவு என்று நெடுங்காலம் நம்பினார்கள். பிறகு கட்டைவிரலை நடுங்கவிட்டு மிக விரைவாகத் தட்டும் முறை வந்தது. அதன் பின், பொத்தானின் மேல் ஒரு விரலை மெல்ல வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரின் அடிப்பக்கத்தை மறுகையின் விரல்களால் வரிசையாகத் தட்டும் ‘ரோலிங்’ முறை வந்தது. தவில்காரரின் வலக்கை விரல்களைக் கவனித்தவர்களுக்கு அந்த அசைவு உடனே பிடிபடும். ஒக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயது வில்லிஸ் கிப்சன் இந்த முறையில் 2023 டிசம்பர் 21 அன்று 157-ஆம் லெவலை எட்டியபோது விளையாட்டு உறைந்து நின்றுவிட்டது. 34 ஆண்டுகளாக எந்த மனிதரும் அந்த இடத்துக்குப் போனதில்லை. அந்த மாதம்தான் அவன் தந்தை காலமாகியிருந்தார். சாதனையை அவன் அவருக்கே உரித்தாக்கினான்.

ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியைக் கணக்கிடுகிறார்கள் என்பது உண்மையா? அவ்வளவு சிறிய வேறுபாட்டுக்கு என்ன பொருள்?

உண்மைதான். ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டை எட்டு லெவல்கள் வழியாக மிக விரைவாக முடிக்கும் பிரிவில், நிஃப்ட்ஸ்கி என்ற விளையாட்டாளர் 2021 ஏப்ரலில் 4 நிமிடம் 54.948 நொடி எடுத்து, 4 நிமிடம் 55 நொடி என்ற வேலியை முதன்முதலாகத் தாண்டினார்.

அந்தக் கருவி நொடிக்கு ஏறத்தாழ 60 படங்களை, அதாவது 60 ஃபிரேம்களைத் திரையில் காட்டும். ஆனால் ஒரு லெவல் முடிந்துவிட்டதா, அடுத்ததைக் கொண்டுவரலாமா என்று நிரல் ஒவ்வொரு ஃபிரேமிலும் பார்ப்பதில்லை. 21 ஃபிரேமுக்கு ஒரு முறைதான் பார்க்கிறது. 21 ஃபிரேம் என்பது ஏறக்குறைய 0.35 நொடி. முறைவைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மடை திறப்பதற்கு அரை நாழிகை முன்னால் மண்வெட்டியோடு வந்தவரும் திறக்கும் நேரத்துக்குச் சரியாக வந்தவரும் ஒரே தண்ணீரைத்தான் பெறுவார்கள்; திறந்த மடை அடைபட்ட பின் வந்தவர் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். அதுபோல, ஒரு லெவலில் ஐந்து ஃபிரேம் முந்தினாலும் அடுத்த மடைத்திறப்பு வரை நிற்கத்தான் வேண்டும். முந்தைய மடைத்திறப்பையே எட்டிப் பிடித்தால்தான் பலன்; அப்போது 21 ஃபிரேம் முழுவதும் மிச்சமாகும். கடைசி லெவலான 8-4-க்கு மட்டும் இந்தத் தடை இல்லை, ஏனெனில் விளையாட்டின் முடிவிலுள்ள கோடரியைத் தொட்ட கணத்திலேயே கடிகாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் மற்ற லெவல்களில் ஒவ்வொரு மடையையும் தவறாமல் பிடித்தவர்களுக்கிடையே கடைசி லெவலின் ஒற்றை ஃபிரேம்கள் வெற்றியைத் தீர்மானிக்கின்றன. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி என்பது வீண் நுணுக்கம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

பொய்யான சாதனைகள் எப்படிக் கண்டுபிடிக்கப்படுகின்றன?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. விரிவாகவே சொல்கிறேன்.

அட்டாரி 2600 கருவிக்கு வந்த ‘டிராக்ஸ்டர்’ என்ற கார்ப் பந்தய விளையாட்டில், டாட் ராஜர்ஸ் என்பவர் 1982-இல் 5.51 நொடி எடுத்ததாகப் பதிவாயிற்று. அந்தக் காலத்தில் திரையை நிழற்படம் எடுத்து அனுப்பினால் போதுமானதாக இருந்தது. 35 ஆண்டுகளுக்கு மேல் யாராலும் அதை எட்ட முடியவில்லை. பிறகு ஒருவர் விளையாட்டின் நிரலையே பிரித்து, எந்த ஃபிரேமில் எந்தப் பொத்தானை அழுத்தலாம் என்ற வாய்ப்புகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, எவ்வளவு பிழையின்றி ஆடினாலும் 5.57 நொடிக்குக் கீழே போக முடியாது என்று தெரிந்தது. ட்வின் கேலக்ஸீஸ் 2018 ஜனவரியில் ராஜர்ஸின் பதிவுகளை நீக்கியது, கின்னஸும் நீக்கிவிட்டது. இங்கே சாட்சி சொன்னது நிரலே.

இரண்டாவது வழக்கில் சாட்சி சொன்னது கணிதம். 2020-இல் ‘ட்ரீம்’ என்ற பெயரில் அறியப்பட்ட யூடியூபர் மைன்கிராஃப்டில் மிக விரைவான ஓட்டங்களை லைவ்ஸ்ட்ரீமில் காட்டினார். அந்த விளையாட்டில் தங்கத்தைக் கொடுத்துப் பண்டமாற்றுச் செய்தால் எண்டர் பேர்ல் என்ற பொருள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான முறையே கிடைக்கும். 262 பண்டமாற்றில் 12 அல்லது 13 முறை கிடைப்பது இயல்பு. அவருக்கு 42 முறை கிடைத்திருந்தது. பிளேஸ் ராடு என்பது பாதிக்குப் பாதி கிடைப்பது. 305 முயற்சியில் அவருக்கு 211 முறை கிடைத்திருந்தது. மாடரேட்டர்கள் ஆறு லைவ்ஸ்ட்ரீம்களை எண்ணிப் பார்த்து, இப்படித் தற்செயலாக நடப்பதற்கான வாய்ப்பு 7.5 இலட்சம் கோடியில் ஒன்று என்று டிசம்பரில் அறிக்கை வெளியிட்டு ஓட்டத்தை நீக்கினார்கள். அவர் முதலில் மறுத்தார். 2021 மே மாதத்தில், விளையாட்டின் வாய்ப்பளவை மாற்றும் ‘மோட்’ என்ற துணை நிரல் ஒன்று தம் கணினியில் இருந்தது, ஓட்டத்தின்போது அது இயங்கியதைத் தாம் அறிந்திருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒரு தனி ஓட்டத்தில் நல்ல அதிர்ஷ்டம் வருவது யாருக்கும் நேரலாம். ஆறு நாளும் ஒரே பக்கம் காற்றடித்தால்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

வெட்டி ஒட்டிய காணொளிகளைப் பிடிப்பதற்கு ஒலியே உதவுகிறது. படத்தில் ஒட்டு தெரியாமல் மறைத்துவிடலாம்; ஒலி அலையை வரைபடமாக விரித்துப் பார்த்தால் வெட்டிய இடத்தில் அலை அறுந்து நிற்கும். ஆகவேதான் விளையாட்டின் ஒலி பதிவில் தெளிவாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

எல்லா வழக்கும் இவ்வளவு தெளிவாக முடிவதில்லை. ‘டாங்கி காங்’ சாதனைகளுக்குப் பெயர்பெற்ற பில்லி மிட்செல் அனுப்பிய நாடாக்கள் அசல் ஆர்கேடு எந்திரத்தில் பதிவானவை அல்ல என்று முடிவு செய்து ட்வின் கேலக்ஸீஸ் 2018-இல் அவர் பதிவுகளை நீக்கியது. அவர் அதை மறுத்து வழக்குத் தொடுத்தார். கின்னஸ் 2020-இல் அவர் பெயரைத் திரும்பச் சேர்த்தது. வழக்கு 2024-இல் சமரசமாயிற்று. இன்றும் இதில் இரண்டு பக்கமும் ஆள் உண்டு.

என்னிடம் அசல் கருவி இல்லை. எமுலேட்டரில் அல்லது பழைய டிவி கேமில் விளையாடலாமா?

விளையாட்டுக்கு விளையாட்டு விதி மாறும். எமுலேட்டர் என்பது பழைய கருவியின் வேலையைக் கணினியில் செய்துகாட்டும் மென்பொருள். பல பலகைகளில் குறிப்பிட்ட எமுலேட்டர்களை ஏற்கிறார்கள். சிலவற்றில் அதற்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் 1990-களில் கேசட் போட்டு விளையாடிய டிவி கேம்கள் பெரும்பாலும் நகல் கருவிகள். நம் நாட்டுத் தொலைக்காட்சி நொடிக்கு 50 படம் என்ற முறையில் இயங்கியதால் அவற்றின் ஓட்டமும் அமெரிக்க, ஜப்பானியக் கருவிகளின் 60-லிருந்து வேறுபடும். அதில் எடுத்த நேரத்தை மற்றதோடு வைத்து ஒப்பிட முடியாது. முதலில் விதியைப் படியுங்கள், அதன் பிறகு கன்ட்ரோலரைத் தொடுங்கள்.

எங்கள் ஊரில் கரண்டும் போகும், நெட்டும் போகும். நாங்கள் எப்படி உலகத்தோடு போட்டி போடுவது?

களக்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டது இது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் இது மெய்யான குறைதான். சர்வர் தொலைவிலிருந்தால் பிங், அதாவது தகவல் போய்வரும் நேரம், கூடும், கூடினால் நீங்கள் சுட்டது எதிரி நகர்ந்த பின்னர்தான் போய்ச் சேரும். ஸ்பீடுரனிலும் புள்ளிச் சாதனையிலும் நிலைமை வேறு. பெரும்பாலான பழைய விளையாட்டுகளுக்கு இணையமே தேவையில்லை. ஓட்டத்தைக் கணினியிலேயே பதிவு செய்து, நெட் வந்தபின் ஏற்றலாம். ஒரு யுபிஎஸ் போதும்.

பெருநகரத்தில் பிறக்கவில்லையே என்றும் வருந்த வேண்டாம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இஸ்போர்ட்ஸ் எனப்படும் வீடியோ கேம் போட்டி காட்சிப் போட்டியாக இடம்பெற்றபோது, ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு விளையாட்டில் இந்தியாவுக்கு வெண்கலம் கொண்டுவந்த தீர்த் மேத்தா குஜராத்தின் புஜ் நகரைச் சேர்ந்தவர். 2019-இல் டெக்கன் என்ற சண்டை விளையாட்டில் ‘இவோ’ போட்டியின் பட்டத்தை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒரே ஆண்டில் வென்ற அர்ஸ்லான் ஆஷ், லாகூரின் ஆர்கேடு கடைகளில் ஆடிப் பழகியவர். அதுவரை பாகிஸ்தானில் அப்படிப்பட்ட ஆட்டம் இருக்கிறது என்றே வெளியுலகம் அறியாது.

பெண்பிள்ளைகள் இதில் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். சீனாவின் லி சியாவ்மெங் 2019-இல் ஹார்த்ஸ்டோன் உலக இறுதிப் போட்டியை வென்றார். அந்தப் பட்டத்தை ஒரு பெண் வென்றது அதுவே முதல் முறை. ஸ்பீடுரன் பலகையில் ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது. என் கடைக்குப் பெண்பிள்ளைகள் வந்து விளையாடத் தயங்கியதற்குக் கடையில் நான் வைத்திருந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்று இப்போது உணர்கிறேன். கதவருகில் வெளிச்சமான இரண்டு இடங்களை அவர்களுக்கென ஒதுக்கியிருக்க வேண்டும்.

இதில் பணம் கிடைக்குமா?

போட்டிகளில் மிகச் சிலருக்குக் கிடைக்கிறது. 2019-இல் 16 வயது கைல் கியர்ஸ்டார்ஃப் ஃபோர்ட்நைட் உலகக் கோப்பைத் தனியாட்டத்தில் 30 இலட்சம் டாலர் வென்றார். டோட்டா 2-இன் ‘தி இன்டர்நேஷனல்’ போட்டிக்கு 2021-இல் பரிசுத்தொகை 4 கோடி டாலரைத் தாண்டியது. உலகச் சாதனை வைத்திருக்கும் ஸ்பீடுரன் விளையாட்டாளர்களில் பெரும்பாலோருக்கு ஒரு காசும் கிடைப்பதில்லை. அவர்கள் 2010 முதல் ‘கேம்ஸ் டன் குவிக்’ என்ற நிகழ்ச்சியில் ஒன்றுகூடி, நாள்கணக்கில் ஓட்டங்களைக் காட்டி, திரளும் நன்கொடையைப் புற்றுநோய்த் தடுப்புக்கும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கும் கொடுக்கிறார்கள். படிப்பை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்கும் எவருக்கும் நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

ஆன்லைன் கேமை அரசு தடை செய்துவிட்டதே! என் மகன் செய்வது சட்ட விரோதமா?

பேட்டையிலிருந்து ஒரு தாயார் மிகுந்த கவலையோடு கேட்டார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. அதே சட்டம் இஸ்போர்ட்ஸை ஒரு போட்டி விளையாட்டாக ஏற்கிறது. 2022 டிசம்பரிலேயே ஒன்றிய அரசு இஸ்போர்ட்ஸைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் பகுதியாக இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்திருந்தது. ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023-இல், அது பதக்கப் போட்டியாகவே நடந்தது. உங்கள் மகன் மாரியோவை ஐந்து நிமிடத்தில் முடிக்கப் பழகுகிறான் என்றால் அதில் சட்டத்துக்கு ஒரு வேலையும் இல்லை. அவன் பணம் வைத்து ரம்மி ஆடுகிறான் என்றால் அது முற்றிலும் வேறு செய்தி. அதை உடனே நிறுத்துங்கள்.

தொடங்க விரும்புபவர் முதலில் என்ன செய்ய வேண்டும்?

சிறு வயதில் மனப்பாடமாக விளையாடிய ஏதேனும் ஒரு விளையாட்டை எடுங்கள். ஆயிரம் பேர் முட்டிமோதும் மாரியோவைவிட, முப்பது பேர் மட்டும் ஓட்டம் பதிந்திருக்கும் ஒரு விளையாட்டில் விரைவில் முன்னேறலாம். முதலிடத்தில் இருப்பவரின் காணொளியைப் பல முறை பாருங்கள். ஒவ்வொரு லெவலுக்கும் உங்கள் நேரத்தைத் தனித்தனியே குறித்துக்கொண்டால் எங்கே இழக்கிறீர்கள் என்று புலப்படும். பழகும்போதும் பதிவை நிறுத்த வேண்டாம், ஏனெனில் நல்ல ஓட்டம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கன்ட்ரோலரைப் பிடித்த கை காணொளியின் ஒரு மூலையில் தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

அண்ணாச்சி, உங்கள் கடை நோட்டில் எழுதி வைத்திருந்த எங்கள் நேரங்களை இப்போது அனுப்பலாமா?

முடியாது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நாற்பது பேருக்கு மேல் பெயர், தேதி, நேரம் எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. மேலப்பாளையத்துத் தம்பி ஒருவன் ஒரு மழை மாலையில் எடுத்த நேரம் அன்றைக்கு உலகப் பட்டியலின் முன்வரிசையில் வந்திருக்கக்கூடியது. நான் பின்னால் நின்று கைக்கடிகாரத்தில் பார்த்தேன். எங்கிருந்து எதுவரை அளக்க வேண்டும் என்ற விதி எனக்கு அப்போது தெரியாது. பதிவு செய்யும் மென்பொருள் அதே கணினியில் இருந்தும் அதை இயக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவனுடைய தம்பி இப்போது அதே விளையாட்டை வீட்டில் ஆடுகிறான். ஞாயிறுதோறும் தன் காணொளிகளை எனக்கு அனுப்புகிறான், நான் ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பார்த்து நேரம் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். அண்ணனின் நேரத்துக்கு அவன் இன்னும் நான்கு நொடி பின்னால் இருக்கிறான்.